வேர் வரைக்கும் தண்ணீர்: கோடையில் தோட்டத்தைக் காப்பாற்றும் முறை

இன்று வழக்கம்போலச் செடிகளுக்குத் தண்ணீர் விடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து, ஏதாவது ஒரு செடிக்குப் பக்கத்தில், வேரைக் காயப்படுத்தாத தூரத்தில், கைக்கொத்தால் ஒரு சாண் ஆழம் தோண்டிப் பாருங்கள். புதிதாகத் தோட்டம் போட்டவர்களில் பலர் பார்ப்பது இதைத்தான்: மேலே இரண்டு விரற்கடை அளவுக்கு மண் கறுத்து ஈரமாக இருக்கும், அதற்குக் கீழே பொடிப்பொடியாக உதிரும். நான் முதல்முறை இப்படித் தோண்டிப் பார்த்த அன்றுதான், தினமும் தண்ணீர் விட்டும் செடிகள் ஏன் வாடுகின்றன என்பது புரிந்தது. மேல்மண்தான் நனைந்திருந்தது. வேர் அதற்குக் கீழே காய்ந்துகொண்டிருந்தது.

தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிக்கும் பழக்கத்தால் இன்னொரு கெடுதலும் உண்டு. ஈரம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் வேர் வளரும். மேல்மண் மட்டும் நனைந்தால் வேரும் மேலேயே படர்ந்து நின்றுவிடும். வெயிலில் முதலில் சூடேறுவதும் முதலில் காய்வதும் அந்த மேல்மண்தான். ஒரே ஒரு நாள் தண்ணீர் தவறினாலும் அந்தச் செடி துவண்டுவிடும். ஆழமாக நனைத்து, இடைவெளி விட்டு, மறுபடி ஆழமாக நனைத்தால் வேர் ஈரத்தைத் தேடிக் கீழே இறங்கும். ஓரடி ஆழத்தில் மண் குளிர்ந்திருக்கும், சீக்கிரம் காயாது. இந்தக் கட்டுரையில் சொல்வதெல்லாம் இந்த ஒன்றைச் செய்வதற்கான வழிகள்தான்.

முதலில்: வாட்டத்தைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள்

வேர் உறிஞ்சும் தண்ணீரில் 100க்கு 95 பங்குக்கு மேல் இலை வழியாக ஆவியாகவே போய்விடுகிறது. நமக்கு வியர்ப்பது போல, இலையைக் குளிர வைப்பதும் அந்த ஆவிதான். உச்சி வெயிலில் இலை இழக்கும் வேகத்துக்கு வேரால் ஈடுகொடுக்க முடிவதில்லை. அப்போது இலை தொங்கிவிடும். இலையில் இருக்கும் நுண்துளைகளை மூடிக்கொண்டு, இருக்கிற தண்ணீரைச் செடி மிச்சம் பிடிக்கும். பூசணி, வெள்ளரி, கத்தரி மாதிரி அகல இலைச் செடிகளில் இதைத் தினமும் பார்க்கலாம். மண்ணில் போதிய ஈரம் இருந்தாலும் பிற்பகல் 2 மணிக்குத் தொங்கும், வெயில் தாழ்ந்ததும் நிமிர்ந்துவிடும். அதைப் பார்த்துப் பயந்து தண்ணீரைக் கொட்ட வேண்டியதில்லை.

காலையில் பாருங்கள். சூரியன் உதிக்கும் நேரத்திலும் இலை தொங்கியே இருந்தால் அது உண்மையான வாட்டம். உடனே மண்ணில் விரலை விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் தண்ணீர் வேண்டும்.

மண் ஈரமாகவே இருந்து, செடி மட்டும் வாடியிருந்தால்? இந்த இடத்தில்தான் நிறையச் செடிகளை இழக்கிறோம். தண்ணீர் தேங்கிய மண்ணில் வேருக்குக் காற்று கிடைக்காமல் அழுகத் தொடங்கும். அழுகிய வேரால் உறிஞ்ச முடியாது. அதனால் தண்ணீருக்கு நடுவில் நின்றுகொண்டே செடி தாகத்தில் வாடும். பார்வைக்கு இரண்டும் ஒரே வாட்டம்தான். கீழ் இலைகள் மஞ்சளாகி, மண்ணில் புளித்த வாடை வந்தால் தண்ணீரை நிறுத்துங்கள். தொட்டிச் செடியாக இருந்தால் நிழலுக்கு நகர்த்தி, அடியில் ஓட்டை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். வாடிய செடியைக் கண்டதும் பூவாளியைத் தூக்காமல், முதலில் விரலை மண்ணில் விடும் பழக்கம் வந்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

விரல் சோதனை எளிது. இரண்டு கணு ஆழம், அதாவது ஏறக்குறைய 5 செ.மீ., விட்டுப் பாருங்கள். அங்கே குளிர்ச்சியும் ஈரமும் தெரிந்தால் இன்று வேண்டாம். வறண்டிருந்தால் விடலாம். இன்னும் ஆழத்தில் பார்க்க வேண்டுமென்றால் ஒரு காய்ந்த மரக்குச்சியைச் செருகி, பத்து நிமிடம் கழித்து உருவுங்கள். எதுவரை கறுத்து, மண் ஒட்டியிருக்கிறதோ அதுவரை ஈரம் இருக்கிறது.

மண்ணைத் தெரிந்துகொள்வது

ஒரு கைப்பிடி மண்ணை எடுத்துக் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பிசையுங்கள். உருண்டை பிடிக்கவே வராமல் உதிர்ந்தால் மணற்பாங்கான மண். உருண்டையாக நின்று, விரலால் குத்தினால் உடைந்தால் நடுத்தரமான மண். கட்டைவிரலால் தேய்க்கும்போது நாடா மாதிரி நீளமாக வந்தால் களிமண்.

இதைத் தெரிந்துகொள்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு சதுர மீட்டருக்கு 25 லிட்டர் விட்டால், மணலில் அது ஏறக்குறைய 30 செ.மீ. ஆழம் இறங்கும். நடுத்தர மண்ணில் 15 முதல் 25 செ.மீ. வரை போகும். களிமண்ணில் 10 அல்லது 12 செ.மீ.தான். மணல் சீக்கிரம் குடிக்கும், சீக்கிரம் விட்டுவிடும். அதில் ஒரே தடவையில் நிறைய விட்டால் வேரைத் தாண்டி ஓடிப்போகும். அதனால் அளவைக் குறைத்து, அடிக்கடி விட வேண்டும். களிமண் மெதுவாகக் குடித்து, நெடுநாள் வைத்துக்கொள்ளும். அதற்கு நிறைய, மெதுவாக, நாள் இடைவெளி விட்டு.

களிமண் பாத்தியில் குழாயைத் திறந்துவிட்டால் இரண்டு நிமிடத்தில் தண்ணீர் மேலே தேங்கி வழிந்துவிடும். அங்கே ஒரே மூச்சில் விடாதீர்கள். கொஞ்சம் விடுங்கள், தேங்கியதும் அடுத்த பாத்திக்குப் போங்கள், அரை மணி நேரத்தில் திரும்பி வந்து மறுபடி விடுங்கள். மூன்று சுற்று போனால் அதே தண்ணீர் அதே இடத்தில் ஆழமாக இறங்கியிருக்கும். வெயிலில் இறுகி ஓடு கட்டியிருக்கும் மண்ணை முன்னதாகக் களைக்கொத்தியால் லேசாகக் கிளறிவிட்டால் இன்னும் நல்லது.

எவ்வளவு விடுவது

ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் எந்தத் தோட்டத்துக்கும் பொருந்தும்: ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் ஊற்றினால் அது 1 மி.மீ. மழைக்குச் சமம். மிதமான காலத்தில் காய்கறிப் பாத்திக்கு வாரத்துக்கு 25 மி.மீ. போதும் என்பார்கள். கடுங்கோடையில், அதிலும் காற்று அடித்தால், நன்றாக வளர்ந்த பாத்தியிலிருந்து மண் வழியாகவும் இலை வழியாகவும் நாளுக்கு 6 முதல் 8 மி.மீ. வரை போய்விடும். அப்படியென்றால் சதுர மீட்டருக்கு வாரம் 40 முதல் 55 லிட்டர் வரை தேவைப்படும். 2 சதுர மீட்டர் பாத்திக்கு 80 முதல் 110 லிட்டர். அதை இரண்டு மூன்று தடவையாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் குழாயில் எவ்வளவு வருகிறது என்று அளந்துவிடுங்கள். 10 லிட்டர் வாளியை வைத்து, நிரம்ப எத்தனை விநாடி என்று பாருங்கள். 40 விநாடி ஆனால் நிமிடத்துக்கு 15 லிட்டர் வருகிறது என்று பொருள். மேலே சொன்ன பாத்திக்கு ஒரு தடவைக்கு 40 லிட்டர் வேண்டுமென்றால் மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஆனால் அந்த வேகத்துக்கு மண்ணால் குடிக்க முடியாது. குழாயைக் கால்வாசிதான் திறந்து, பத்துப் பதினோரு நிமிடம் விட்டால் வழியாமல் இறங்கும். எனக்குக் கோடையில் இந்தக் கால்வாசிக் குழாய்தான் பிடித்த முறை. வேறு எந்தக் கருவியையும்விட அது நன்றாக வேலை செய்கிறது.

எவ்வளவு ஆழம் நனைய வேண்டும் என்பது செடியைப் பொறுத்தது. கீரை, வெங்காயம் போன்றவற்றுக்கு ஒரு சாண் போதும். மிளகாய், கத்தரி, தக்காளிக்கு ஓரடி. பழமரங்களுக்கு ஒன்றரை அடி முதல் இரண்டடி. கணக்கைவிடக் கைக்கொத்து சொல்வதுதான் உறுதி. மாதத்தில் ஒரு நாளாவது தண்ணீர் விட்டபின் தோண்டிப் பார்த்துவிடுங்கள்.

இடையில் மழை பெய்தால்? நேர்ச்சுவர் உள்ள ஒரு டப்பாவைத் திறந்தவெளியில் வையுங்கள். அதில் 3 மி.மீ. தண்ணீர் இருந்தால் அந்த மழையைக் கணக்கில் சேர்க்காதீர்கள். இலையும் மேல்மண்ணுமே அதைப் பிடித்துக்கொண்டுவிடும்.

எந்த நேரத்தில்

விடியற்காலை. மண் குளிர்ந்திருக்கும், காற்று அடங்கியிருக்கும், விடுகிற தண்ணீர் ஆவியாகாமல் உள்ளே போகும். வெயில் ஏறுவதற்குள் செடி வயிறு நிறையக் குடித்திருக்கும். இலையில் பட்ட ஈரமும் சீக்கிரம் காய்ந்துவிடும்.

காலையில் முடியாதவர்களுக்குச் சாயங்காலம். அப்போது இலையை நனைக்காமல் தூரில் மட்டும் விடுங்கள். ராத்திரி முழுக்க ஈரமாக இருக்கும் இலையில் பூஞ்சை நோய் எளிதில் பிடிக்கும்.

நடுப்பகலில் தண்ணீரே விடக்கூடாது, சொட்டு விழுந்தால் அது கண்ணாடி வில்லையாகி இலையைக் கருக்கிவிடும் என்று ஒரு பேச்சு உண்டு. வழவழப்பான இலையில் அப்படி ஆவதில்லை. சொட்டு குவிக்கும் ஒளி இலைக்கும் கீழேதான் போய்க் குவியும். நடுப்பகலில் நிறைய வீணாகும் என்பது உண்மை. ஆனால் மண் காய்ந்து, செடி சுருண்டு கிடப்பதைப் பார்த்தால் சாயங்காலம் வரை காத்திருக்காதீர்கள். தூரைச் சுற்றி விட்டுவிடுங்கள்.

வேறொரு ஆபத்து உண்மையிலேயே இருக்கிறது. வெயிலில் கிடந்த ஓஸ் பைப்புக்குள் தங்கிய தண்ணீர் கையைச் சுடும் அளவுக்குக் காய்ந்திருக்கும். அது நேராக இளம் செடியின் மேல் விழுந்தால் செடி வெந்துவிடும். முதலில் வருவதை ஒரு வாளியில் பிடித்து, கையில் தொட்டுப் பார்த்து, குளிர்ந்த தண்ணீர் வந்த பிறகு செடிப் பக்கம் திருப்புங்கள். வாளியில் பிடித்ததை ஆறியபின் ஊற்றிக்கொள்ளலாம்.

எங்கே ஊற்றுவது

தண்டின் மேல் ஊற்றுவதால் பயன் குறைவு. தண்ணீரை உறிஞ்சுவது வேரின் நுனிப்பகுதிகள். செடி வளர வளர அவை தண்டைவிட்டு விலகிப் போகின்றன. சின்னச் செடிக்குத் தூரைச் சுற்றி ஒரு கை அகலத்துக்கு விடலாம். மரத்துக்குக் கிளைகளின் வெளிவிளிம்புக்கு நேர்கீழே தரையில் வரும் வட்டத்தை ஒட்டி விட வேண்டும்.

செடியைச் சுற்றி நான்கு விரல் உயரத்துக்கு மண்ணை அணைத்து வட்டப்பாத்தி கட்டிவிடுங்கள். தண்ணீர் ஓடிப்போகாமல் நின்று இறங்கும். நடுவில் தண்டு இருக்கும் இடம் கொஞ்சம் மேடாக இருக்கட்டும், தண்டைச் சுற்றி ஈரம் தங்கினால் அது அழுகும். ஐந்து நிமிட வேலை, கோடை முழுக்கப் பயன் தரும்.

இலையை நனைக்க வேண்டாம் என்று சொன்னேன். ஒரு விலக்கு உண்டு. வறண்ட வெப்பத்தில் செஞ்சிலந்திப் பூச்சி பெருகும். இலையின் அடியில் மெல்லிய வலையும், மேலே ஊசி குத்தினாற்போல வெளிறிய புள்ளிகளும் தெரிந்தால், காலை நேரத்தில் இலையின் அடிப்பக்கம் நன்றாகப் படும்படி தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். பூச்சி உதிரும், தூசியும் போகும்.

மூடாக்கு: தண்ணீர் விடாமலே தண்ணீர் சேர்ப்பது

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். வெறும் மண் வெயிலில் காய்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அதன் மேல் காய்ந்த சருகோ வைக்கோலோ மூடாக்கு என்னும் போர்வையாகக் கிடந்தால் வெயிலும் காற்றும் மண்ணைத் தொடுவதில்லை. ஈரம் தங்கும், மண் குளிர்ந்திருக்கும், களையும் அதிகம் முளைக்காது. களை குறைவது தண்ணீர்க் கணக்கிலும் சேரும், அதுவும் அதே ஈரத்தைத்தான் குடிக்கிறது.

செய்யும் வரிசை முக்கியம். முதலில் களையெடுங்கள். அடுத்து மண்ணை ஆழமாக நனையுங்கள். அதற்குப் பிறகே மூடுங்கள். காய்ந்த மண்ணின் மேல் மூடாக்குப் போட்டால் வறட்சியை மூடிவைத்தது போல்தான், அடுத்து விடும் தண்ணீரில் ஒரு பகுதியைப் போர்வையே குடித்துவிடும்.

கனம் 5 முதல் 8 செ.மீ. இருக்கட்டும். அதற்குக் குறைந்தால் வெயில் உள்ளே போகும், ரொம்பக் கனத்தால் லேசான தண்ணீர் கீழே இறங்காது. தண்டைச் சுற்றி நான்கு விரல் இடம் விடுங்கள். தண்டோடு ஒட்டிக் குவித்தால் அங்கே ஈரம் அடைந்து பட்டை அழுகும்.

காய்ந்த இலை, வைக்கோல், தேங்காய் நார், மரத்தூள் சீவல், விதை விழாத காய்ந்த களை, எது கிடைத்தாலும் சரி. வெட்டிய பச்சைப் புல்லை மட்டும் கனமாகக் கொட்டாதீர்கள். அது அடைந்து சூடேறி, வழவழவென்று ஆகிவிடும். வெயிலில் உலர்த்தி, மெல்லிய அடுக்காகப் போட்டு, அது சுருங்கியதும் அடுத்த அடுக்கு. மரச்சீவலை மண்ணோடு கலக்க வேண்டாம். கலந்தால் அது மக்கும்போது மண்ணிலிருக்கும் தழைச்சத்தை (நைட்ரஜனை) இழுத்துக்கொள்ளும். மேலே கிடந்தால் அந்தத் தொல்லை இல்லை.

மூடாக்குப் போட்ட பிறகு விரல் சோதனையைப் போர்வையை விலக்கி மண்ணில்தான் செய்ய வேண்டும். மேலே சருகு காய்ந்திருப்பதைப் பார்த்துத் தண்ணீர் விட்டால் வேர் அழுகும்.

நீண்ட நாள் பலனுக்கு மக்கிய உரத்தை மண்ணில் சேர்த்துக்கொண்டே வாருங்கள். மணலில் அது தண்ணீரைப் பிடித்துவைக்கும், களிமண்ணில் தண்ணீர் இறங்க வழி திறக்கும். ஒரே கோடையில் பெரிய மாற்றம் தெரியாது. அடுத்தடுத்த கோடைகளில் தெரியும்.

தொட்டிச் செடிகள்

தரையில் இருக்கும் செடி ஒரு நாள் தாங்கும். தொட்டிச் செடி தாங்காது. அதற்கு இருப்பது ஒரு வாளி மண். நான்கு பக்கமும் வெயிலும் காற்றும் படுகிறது. கடுங்கோடையில் சின்னத் தொட்டிகளுக்குத் தினமும், சில நாள் இரண்டு வேளையும் விட வேண்டியிருக்கும். முன்னே சொன்ன "இடைவெளி விட்டு ஆழமாக" என்பதில் இடைவெளி இங்கே குறைந்துவிடுகிறது. ஆழம் மட்டும் அப்படியேதான். அடி ஓட்டையில் தண்ணீர் வெளியே வரும்வரை விட வேண்டும்.

தொட்டியைத் தூக்கிப் பார்க்கும் பழக்கம் நல்லது. நன்றாகத் தண்ணீர் விட்டதும் ஒரு தடவை, இரண்டு நாள் காயவிட்டு ஒரு தடவை தூக்கிப் பாருங்கள். எடை வித்தியாசம் கைக்குப் பழகிவிடும். பெரிய தொட்டியாக இருந்தால் ஒரு பக்கம் லேசாகச் சாய்த்துப் பார்த்தாலே தெரியும்.

இங்கே ஒரு ஏமாற்று இருக்கிறது. நார்த்தூள் அதிகம் சேர்ந்த கலவை அறவே காய்ந்துவிட்டால் சுருங்கித் தொட்டிச் சுவரைவிட்டு விலகும். மேலே ஊற்றும் தண்ணீர் அந்த இடுக்கு வழியாக நேராகக் கீழே ஓடிவிடும். ஓட்டையில் தண்ணீர் வந்துவிட்டதே, போதும் என்று நாம் நகர்ந்துவிடுவோம். நடுவில் வேர்க்கட்டி உலர்ந்தே இருக்கும். தூக்கிப் பார்த்தால் தொட்டி லேசாக இருப்பதை வைத்து இதைக் கண்டுபிடிக்கலாம். அப்படிப்பட்ட தொட்டியை ஒரு பெரிய வாளித் தண்ணீரில் அப்படியே இறக்கி வையுங்கள். குமிழ் வருவது நிற்கும்வரை, இருபது முப்பது நிமிடம், ஊறட்டும். எடுத்து வடியவிட்டு, இடுக்கில் புதுக் கலவையைப் போட்டு அழுத்திவிடுங்கள்.

மண்தொட்டி சுவர் வழியாகவும் தண்ணீரை இழக்கும். ஆனால் வேரைக் குளிர்ச்சியாக வைக்கும். பிளாஸ்டிக் தொட்டியில் ஈரம் தங்கும், ஆனால் கறுப்பு நிறத்தில் இருந்தால் வெயில் படும் பக்கத்து வேர் வெந்துபோகும் அளவுக்குச் சூடேறும். வெளிர்நிறத் துணியோ சாக்கோ சுற்றிவிடலாம். அல்லது சின்னத் தொட்டியைப் பெரிய தொட்டிக்குள் வைத்து, இடையில் சருகோ மணலோ நிரப்பலாம். சிமெண்ட் தரையில் நேராக வைக்காமல் செங்கல்லோ கட்டையோ கொடுத்து உயர்த்துங்கள். எல்லாத் தொட்டிகளையும் நெருக்கமாக ஒன்றுசேர்த்து, பெரியவை மேற்குப் பக்கமும் சின்னவை உள்ளேயுமாக வைத்தால் ஒன்றின் நிழல் மற்றொன்றைக் காக்கும். தொட்டிக்கும் மூடாக்கு உண்டு, 3 செ.மீ. கனத்துக்குப் போட்டால் போதும்.

அடித்தட்டில் வடிந்த தண்ணீரை அரை மணி நேரம் விட்டுவைக்கலாம். வாடிய செடி அதைக் குடித்துக்கொள்ளும். அதற்கு மேலும் நின்றால் கொட்டிவிடுங்கள், வேரும் கெடும், கொசுவும் வரும்.

மேல்மண்ணிலோ தொட்டி விளிம்பிலோ வெள்ளையாகப் படிந்தால் அது உப்பு. உப்பு ஏறினால் இலை நுனி பழுப்பாகிக் கருகும். தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி வடியவிட்டால் உப்பு கழுவிப் போகும்.

கற்றாழை, கள்ளி வகைகளை இந்த வரிசையில் சேர்க்காதீர்கள். அவை பகலில் இலைத்துளைகளை மூடிவைத்து, ராத்திரியில் திறப்பவை. மண் முழுக்கக் காய்ந்த பிறகே அவற்றுக்குத் தண்ணீர்.

நாம் இல்லாதபோதும் ஊட்டும் வழிகள்

என் மனதுக்கு மிகவும் நெருக்கமான முறை மண்பானை. பூச்சு எதுவும் இல்லாத, வாய் குறுகிய சுட்ட மண்பானையைக் கழுத்து மட்டும் வெளியே தெரியும்படி பாத்தியில் புதையுங்கள். அடியில் ஓட்டை போட வேண்டாம், இருந்தால் அடைத்துவிடுங்கள். தண்ணீர் நிரப்பி, ஆவியாகாமலும் கொசு புகாமலும் ஒரு தட்டால் மூடுங்கள். பானைச் சுவரின் நுண்துளைகள் வழியாக ஈரம் கசியும். மண் காய்ந்தால் அதிகம் கசியும், ஈரமாக இருந்தால் குறைந்துவிடும். செடி கேட்கும் அளவுக்கே கொடுக்கிறது. சீனத்தில் 2000 ஆண்டுகளுக்கு முன்பே இதைச் செய்திருக்கிறார்கள். பானையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் செடிகளை நடுங்கள். இரண்டு நாளுக்கு ஒரு முறை குச்சி விட்டுப் பார்த்து நிரப்புங்கள். முளைக்காத விதைக்கு இது உதவாது, மேல்மண்ணை அது நனைப்பதில்லை.

பிளாஸ்டிக் பாட்டில் மூடியில் சிறு ஓட்டை போட்டுத் தலைகீழாகச் செருகுவது அவசரத்துக்குச் சரி. எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று ஒரு நாள் முழுக்கப் பார்த்த பிறகு நம்புங்கள். சில பாட்டில் ஒரு மணி நேரத்தில் காலியாகிவிடும், சிலது மண் அடைத்து இறங்கவே இறங்காது.

தொட்டிகளுக்குத் திரி முறை நன்றாக வரும். தொட்டி மட்டத்துக்கு வாளியை உயர்த்தி வைத்து, பருத்திக் கயிற்றை நனைத்து, ஒரு முனையை வாளியின் அடி வரைக்கும் மறுமுனையைத் தொட்டி மண்ணில் ஒரு விரல் ஆழத்துக்கும் விடுங்கள். ஊருக்குப் போவதற்கு முந்தின நாள் இல்லாமல், ஒரு வாரம் முன்பே செய்து பாருங்கள். அப்போதுதான் எந்தத் தொட்டிக்கு ஒரு திரி போதும், எதற்கு இரண்டு வேண்டும் என்று தெரியும்.

நிறையச் செடி வைத்திருப்பவர்களுக்குச் சொட்டுநீர்தான். பொதுவாகச் சொட்டுவான் மணிக்கு 2 அல்லது 4 லிட்டர் விடும். ஒரு தக்காளிச் செடிக்கு 2 லிட்டர் சொட்டுவான் ஒன்றை வைத்து ஒன்றரை மணி நேரம் ஓடவிட்டால் 3 லிட்டர் கிடைக்கும். சொட்டுவான் அடைத்துக்கொள்வதுதான் இதில் இருக்கும் பெரிய குறை. வடிகட்டி கட்டாயம் வேண்டும், அதை வாரம் ஒரு முறை கழுவவும் வேண்டும். குழாய் ஓடுகிறது என்று நம்பி இருந்துவிடாமல் ஒவ்வொரு செடியின் அடியும் நனைகிறதா என்று நடந்து பாருங்கள்.

கன்றும் விதையும்

புதிதாக நட்ட கன்றுக்கு வேர் இன்னும் வெளியே பரவவில்லை. சுற்றிலும் மண் ஈரமாக இருக்கும்போதே அதன் வேர்க்கட்டி மட்டும் காய்ந்துவிடும். அதனால் முதல் சில வாரம் தூரிலேயே, அடிக்கடி விட வேண்டும். அப்புறம் வட்டத்தை மெல்ல அகலப்படுத்தி, நாள் இடைவெளியைக் கூட்டுங்கள். கோடை உச்சத்தில் நடுவதைத் தள்ளிப்போட முடிந்தால் தள்ளிப்போடுங்கள். முடியாவிட்டால் சாயங்காலம் நட்டு, ஒரு வாரமாவது மேலே நிழல் கொடுங்கள்.

விதைக்கு மேல்மண் ஈரம் மாறக்கூடாது. விதைத்த இடத்தை நனைத்த சாக்கால் மூடி, தினமும் தூக்கிப் பாருங்கள். முளை தெரிந்த அன்றே சாக்கை எடுத்துவிட வேண்டும்.

இருக்கும் செடிகளுக்கும் நிழல் உதவும். வெயிலில் 35 முதல் 50 சதவீதத்தை மறைக்கும் நிழல்வலையைச் செடியைத் தொடாமல், காற்று போகும்படி மேலே கட்டுங்கள். பிற்பகல் வெயிலை மட்டும் மறைத்தாலே போதும். தக்காளியும் மிளகாயும் 35 டிகிரிக்கு மேல் பூவை உதிர்க்கத் தொடங்கும். அது தண்ணீர்க் குறையால் வருவதில்லை, எவ்வளவு விட்டாலும் நிற்காது. அதே தக்காளியில் காயின் அடி கறுத்துக் குழிந்தால், காய வைத்துக் காய வைத்துத் தண்ணீர் விட்டிருக்கிறோம் என்று அர்த்தம். சுண்ணாம்புச்சத்தைக் காய்க்குக் கொண்டுபோவது தண்ணீர்தான். ஈரம் ஏறி இறங்கினால் அது காய்க்குப் போய்ச் சேராது.

தண்ணீர் போதாதபோது

எல்லாவற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சம் பிரித்துக் கொடுத்தால் எதுவும் பிழைக்காது. இந்த முடிவு வலிக்கும், ஆனாலும் எடுக்க வேண்டும். இந்த ஆண்டு நட்ட மரக்கன்றுகள் முதலில். அடுத்து, பூவும் பிஞ்சுமாக நிற்கும் காய்கறிகள். தொட்டிகளில் எதைத் திரும்ப வளர்ப்பது கடினமோ அது. வளர்ந்த மரத்துக்கு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஆழமாக ஒரு நனைப்பு போதும், ஆனால் அதைத் தவறவிடாதீர்கள். புல்வெளி கடைசி. பல புல்வகைகள் பழுப்பாகிப் படுத்துவிட்டு, மழை வந்ததும் மறுபடி துளிர்க்கும்.

வீட்டில் வீணாகும் தண்ணீரையும் பார்க்கலாம். காய்கறி கழுவிய தண்ணீர், தானியம் களைந்த தண்ணீர் அன்றைக்கே ஊற்றினால் நல்லது. ஏசியிலிருந்து சொட்டுவதில் உப்பே இல்லை, தாராளமாக விடலாம். ஆர்ஓ கருவி கழித்துவிடும் தண்ணீரில் உப்பு திரண்டிருக்கும், அதைத் தொட்டிக்குத் தொடர்ந்து ஊற்றாதீர்கள். துணி துவைத்த சோப்புத் தண்ணீரைப் பச்சையாகத் தின்னும் கீரைக்கும் காய்க்கும் விடவே வேண்டாம்.

வெயில் கொளுத்தும் நாட்களில் உரம் போடாதீர்கள். காய்ந்த மண்ணில் ரசாயன உரம் விழுந்தால் அந்த உப்பு வேரிலிருந்தே தண்ணீரை இழுக்கும். கிளைகளைக் கடுமையாக வெட்டிக் கவாத்து செய்வதும் இப்போது வேண்டாம். உள்ளே நிழலில் இருந்த கிளைகள் திடீரென்று வெயிலில் பட்டுக் கருகும். கருகிய இலையைக்கூட உடனே பறிக்காமல் விட்டுவைத்தால் கீழே இருப்பதற்குக் கொஞ்சம் நிழல் கிடைக்கும்.

எவ்வளவு பார்த்தும் ஒரு செடி இலையெல்லாம் உதிர்ந்து குச்சியாக நின்றால், பிடுங்குவதற்கு முன் நுனிக்கிளையின் தோலை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். பழுப்பாக இருந்தால் கொஞ்சம் கீழே சுரண்டுங்கள், அங்கேயும் பழுப்பென்றால் தூருக்கு அருகே. எங்கே பச்சை தெரிகிறதோ அங்கே உயிர் இருக்கிறது. இலை இல்லாத செடி அதிகம் குடிக்காது, அதனால் தண்ணீரைக் கொட்டாமல் விரல் சோதனை பார்த்துக் கொஞ்சமாக விட்டு, நிழலில் வைத்திருங்கள். துளிர் வர மூன்று நான்கு வாரம்கூட ஆகலாம். வந்த பிறகு, பச்சைக்கு மேலே காய்ந்து நிற்கும் பகுதியை வெட்டிவிடுங்கள்.